நாற்காலியில் ஒரு துண்டு

கதவு மெதுவாகத்தான் சாத்திக்கொண்டது. ஓங்கிச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை, கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். சென்னியப்பன் எதிர்ச்சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்; உட்கார்ந்த பிறகுதான் முதுகுக்குப் பின்னால் தன் பெயரே எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. 'சென்னியப்பன் மஞ்சள் மண்டி உபயம்.' பச்சைப் பெயிண்டில், கொட்டை எழுத்தில். பெண்கள் வார்டுக்கு வருகிற ஜனம் உட்காரட்டும் என்று எப்போதோ வாங்கிப் போட்டது. போட்டோ எடுத்த அன்றுகூடப் பக்கத்தில் நின்றாரே ஒழிய உட்காரவில்லை. இப்போதுதான் தெரிகிறது, சாய்மானம் நட்டமாக நிற்கிறது, நடுக்கட்டை இடுப்பில் இடிக்கிறது. இதில் உட்கார்ந்துகொண்டு எத்தனை பேர் உள்ளே கிடக்கும் தங்கள் உயிருக்காகக் காத்திருந்தார்களோ, ஒருத்தர்கூட வந்து மண்டியாரே உங்கள் பெஞ்சு ஆளைக் கொல்லுது என்று சொல்லவில்லையே. எப்படிச் சொல்வார்கள், பெயர்தான் எழுதியிருக்கிறதே. சரி, பெஞ்சு கிடக்கட்டும். உள்ளே ஆறு பேர் உட்கார்ந்து மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மகள் சுகந்தியின் வீட்டுக்காரர், டாக்டர் நவநீதன், நாலு வருஷமாக இந்த டிரஸ்டு ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர். அவரை இனி ஆபரேஷன் செய்ய விடுவதா, நிறுத்துவதா என்று பேச்சு. தன் சொந்தத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த டிரஸ்டி யாரும் சொல்லாமல் தானே எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது போர்டின் வழக்கம். டிரஸ்டியான சென்னியப்பனும் எழுந்து வந்துவிட்டார். காலையில் சுகந்தி போனில் அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. "அப்பா, நீங்க எந்திரிக்காதீங்க. ஒரு வார்த்தை பேச வேண்டாம். சும்மா உக்காந்திருந்தாப் போதுங்கப்பா." சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். விவரமான பெண், மண்டியில் வளர்ந்தவள், கல்லாவில் முதலாளி சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஏலம் எப்படிப் போகும், அவர் எழுந்து சாப்பிடப் போனால் எப்படிப் போகும் என்று பார்த்தவள்.

உள்ளே ராக்கியப்பன் இருக்கிறான். பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, இந்தச் சம்பந்தத்தையே கொண்டுவந்தவன், முகூர்த்தத்தன்று சாப்பாட்டுப் பந்தியைக் கடைசி இலைவரை நின்று பார்த்தவன். அவன் விட்டுக்கொடுக்க மாட்டான். ஆடிட்டர் சேஷாத்ரியின் தாயார் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தபோது அந்த அம்மாவை எழுப்பி நடக்க வைத்தது மாப்பிள்ளைதான், அவரும் விட மாட்டார். இன்னும் ஒருத்தர் இந்தப் பக்கம், மற்ற மூன்று பேர் அந்தப் பக்கம். சரிக்குச் சரி. சரிக்குச் சரி வந்தால் தலைவர் சொல்வதுதான் முடிவு, தலைவர் இஞ்சினியரம்மா கிருஷ்ணவேணி அந்தப் பக்கம். தான் உள்ளே இருந்திருந்தால் கணக்கு வேறு. வெறும் ஒரு கை, அதை மேசைக்கு மேலே தூக்கியிருந்தால் மகள் வீட்டில் அடுப்பு நிம்மதியாக எரிந்திருக்கும். தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை? நல்லவன் என்று பேர் வாங்கவா? இல்லை, அந்த இஞ்சினியரம்மா பார்த்த பார்வைக்குப் பயந்தா? அவர் பார்க்கக்கூட இல்லையே. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இவர் எழுவார் என்பதில் துளி சந்தேகமும் இல்லாதவர் மாதிரி, கொஞ்சம் பொறுத்தார், அவ்வளவுதான். அந்த நம்பிக்கைதான் ஆளை எழுப்பிவிட்டது. சந்தேகப்பட்டிருந்தால் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கலாம். மின்சார வாரியத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு வந்த பொம்பளை, ஆஸ்பத்திரியைப் பற்றி என்ன தெரியும் என்று தலைவராக வந்த புதிதில் எல்லோரும்தான் சிரித்தார்கள், சென்னியப்பன்தான் அதிகமாகச் சிரித்தார். அதற்கு முன்னால் போர்டு மீட்டிங் என்றால் எப்படி இருக்கும்! பாதாம்பால், முறுக்கு, வரவு செலவை ஆடிட்டர் பஞ்சாங்கம் மாதிரி வாசிப்பார், ஆமோதிக்கிறோம், ஆமோதிக்கிறோம், பிறகு முன்வாசல் வளைவுக்கு என்ன கலர் அடிப்பது என்று ஒரு மணி நேரம். பிணவறைக்குப் பக்கத்தில்தான் சமையலறை இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. இந்தம்மா வந்த முதல் கூட்டத்தில் லிஃப்டில் வராதீங்க என்றார். டிரஸ்டிகள் எல்லோரும் வெளிநோயாளிகள் வரிசை வழியாக நடந்து, வார்டுகளைத் தாண்டி, மாடிப்படி ஏறித்தான் மீட்டிங்குக்கு வர வேண்டும். முட்டி வலிக்குதுங்களே என்றான் ராக்கியப்பன். "அப்பிடியே வரிசைல நின்னு காட்டிட்டு வாங்க, எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எங்களுக்கும் சொல்லுங்க" என்றார். அவன் நின்றான். மத்தியானம்வரை நின்றான். அதற்கடுத்த வாரமே சீட்டுக் கொடுக்கிற ஜன்னல் ஒன்று மூன்றாகிவிட்டது. அன்றைக்குச் சென்னியப்பன் சிரிப்பதை நிறுத்தினார்.

வரவு செலவு கடைசிக்குப் போய்விட்டது. முதலில் ஒரு மனுஷர். அந்த மாதம் ஆஸ்பத்திரியால் யாருக்குத் தீங்கு நடந்ததோ அவரைப் பற்றி. நோயாளி என்ற வார்த்தையே வராது, பெயர், ஊர், என்ன வேலை பார்க்கிறார், வீட்டில் யார் யார், எல்லாம் அந்தம்மா வாயால் சொல்லுவார். பிறகு வயதில் சின்னவரிலிருந்து ஒவ்வொருவராகப் பேச வேண்டும், தலைவர் கடைசியில். யார் தலையையும் உருட்டுவதற்கு இல்லை, இன்னொருத்தருக்கு நடக்காமல் இருக்க என்ன செய்வது என்பதற்குத்தான். இந்த மாதத்து மனுஷர் நாகரத்தினம். பெயரை நினைத்ததும் கண் தானாக எதிரே வார்டு வாசலுக்குப் போயிற்று, போக வேண்டாம் என்று நினைத்தால் போகாமல் இருக்குமா. கதவோரத்தில் இரண்டாவது கட்டில். முகம் தெரியவில்லை. தலையணை மேல் இரண்டு கால்கள், இரண்டிலும் முட்டியில் கட்டு. அதுதான். இரண்டிலும் கட்டு. சென்னிமலைப் பக்கம் குழித்தறியில் ஜமக்காளம் நெய்கிற தறிக்காரம்மா. வலது முட்டிக்குள் சவ்வு கிழிந்து வந்தவரைப் படுக்க வைத்து நல்லா இருந்த இடது முட்டியைத் திறந்துவிட்டார்கள். திறந்தபின்தான் தெரிந்தது, மூடித் தைத்துவிட்டு வலதைச் செய்தார்கள். இரண்டு மிதியையும் மாற்றி மாற்றி மிதித்தால்தான் தறி ஓடும். பாதங்கள் மட்டும் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பெருவிரல் பக்கம் காய்ச்சுப்போய், மிதிக்கட்டையின் தடம். ஒரு விரல் அசைந்தது. சென்னியப்பன் சட்டென்று கண்ணை எடுத்துச் சுவரில் தொங்கிய போலியோ சொட்டு மருந்துப் படத்தில் வைத்தார்.

"சின்ன மிஸ்டேக்தான் மாமா, எங்க வேணா நடக்கும்" என்றார் மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில். சென்னியப்பனும் ஆமாம் ஆமாம் என்று ரசம் ஊற்றிக்கொண்டார். ஆனால் அதற்கு முந்தியே இஞ்சினியரம்மா எல்லா டிரஸ்டிகளுக்கும் போன் போட்டு, ஒரே மாதிரியாக, கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருந்தார். அதில் மாப்பிள்ளை சொல்லாத ஒன்று இருந்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் தியேட்டர் நர்ஸ் எஸ்தர் வாயைத் திறந்திருக்கிறாள். "டாக்டர், வலது கால்னு நெனச்சேனுங்க." அதற்கு மாப்பிள்ளை, "நீங்க நெனைக்க வேண்டாம் சிஸ்டர், லைட்டைத் திருப்புங்க." அவள் லைட்டைத் திருப்பியிருக்கிறாள். இந்த லைட்டைத் திருப்புங்க என்பது ஒரு வாரமாக சென்னியப்பன் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. அதே குரலை அவர் கேட்டிருக்கிறார். சுகந்தி ஏதாவது ஆரம்பித்தால், "உனக்குத் தெரியாது, விடு" என்கிற குரல். கெட்ட மனுஷன் இல்லை. கெட்டிக்காரன். கை அவ்வளவு சுத்தம், எத்தனை பேரை நடக்க வைத்த கை. கெட்டிக்காரர்களுக்கே வருகிற செவிட்டுத்தனம் இது. தனக்கும்தான் மண்டியில் இருந்தது. கணக்குப்பிள்ளை வாயைத் திறந்தால் கையை நீட்டி அமர்த்துவதுதான் முதலாளித்தனம் என்று நினைத்த காலம் ஒன்று உண்டு.

இஞ்சினியரம்மா ஒரு மீட்டிங்கில் சொன்னது, எதற்காகச் சொன்னார் என்பதுகூட மறந்துவிட்டது, லைன் கிளியர் என்று ஒரு வழக்கம் மின்சார வாரியத்தில். கம்பத்தில் ஏறுகிற ஆள் கீழே பவர்ஹவுஸில் கேட்டு லைனை நிறுத்தச் சொல்லி வாங்கிக்கொண்டு ஏறுவான். வேலை முடிந்து அவனே இறங்கி வந்து, அவனே தன் வாயால் நான் இறங்கிட்டேன் என்று சொன்னால்தான் லைனில் திரும்பக் கரண்ட் விடுவார்கள். ஒரு முறை கல்யாண மண்டபத்தில் பெரிய இடத்துக் கல்யாணம், இருட்டிக் கிடக்கிறது, மேலே இருந்து போன் மேல் போன், போடும்மா, போடும்மா, அவன் எப்பவோ எறங்கியிருப்பான். "நான் போடலீங்க" என்றார் அந்தம்மா, சிரிக்காமல், பெருமையில்லாமல், இட்லிக்கு ஊறப்போட்டதைச் சொல்வது மாதிரி. "ஏறுனவன் வந்து சொல்ற வரைக்கும் யாரு சொன்னாலும் ஸ்விட்சுல கை வெக்கப்படாது. அவன் அப்பவும் மேலதான் இருந்தான்." அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதும் அந்த ஆள் கம்பத்து மேலே இருந்துகொண்டே இருந்தான். கீழே அத்தனை பெரியவர்கள் போடு போடு என்கிறார்கள், ஒரு பொம்பளை மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், அவனுக்கு அது தெரியவே தெரியாது, கட்டிங் பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டுகூட இருந்திருப்பான். நாகரத்தினத்துக்கும் அப்படி ஒருத்தர் வேண்டியிருந்தது. இருந்தாள், எஸ்தர். கேட்கத்தான் ஆள் இல்லை. சென்னியப்பனுக்கு அழுகை வரும் போலிருந்தது, முகத்தைத் துடைத்துக்கொள்ளத் துண்டை எடுக்கத் தோளில் கை வைத்தார். தோளில் துண்டு இல்லை.

எங்கே போயிற்று? மடியில் பார்த்தார், பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். வரும்போது இருந்தது, எஸ்தரைப் படியில் பார்த்தபோது தோளில்தான் இருந்தது, அவள் ஒதுங்கி வழி விட்டாள், இவர் துண்டைச் சரிசெய்துகொண்டு மேலே ஏறினார். பிறகு உள்ளே. நாற்காலி. நாற்காலியின் முதுகில். எழுந்து வரும்போது எடுக்கவில்லை. ஜரிகைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு, ஊரில் யாரைக் கேட்டாலும் மண்டியார் துண்டு என்று சொல்லுவார்கள். உள்ளே காலியாக இருக்கிற ஒரே நாற்காலியில் அது இருக்கிறது. சென்னியப்பனுக்குக் குப்பென்று வேர்த்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி சீட்டுப் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்வரை அங்கே யாராவது உட்காருவார்களா, கைக்குழந்தைக்காரிகூட உட்கார மாட்டாள். துண்டு போட்ட இடத்தில் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். வேண்டுமென்றேவா விட்டுவிட்டு வந்தேன்? இல்லை. சத்தியமாக இல்லை. இல்லையா? எழும்போது கை ஒரு முறை பின்னால் போனது, போய்த் திரும்பிவிட்டது, அந்தக் கையை யார் திருப்பினார்கள்? சும்மா உக்காந்திருந்தாப் போதுங்கப்பா. இப்போது நினைத்துப் பார்த்தால் நாலு வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை வேலைக்கு எடுத்த அன்றும் அப்படித்தான். அப்போதைய தலைவர் மில்காரர், "சம்பிரதாயத்துக்குச் சித்த வெளிய இருங்க மண்டியாரே" என்றார், இவரும் வெளியே வந்து நின்றார், காப்பி ஆறுவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள், ஏகமனதாக முடிஞ்சுதுங்க என்று கை கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் படிப்புக்கும் திறமைக்கும் கிடைத்த மரியாதை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தோமே. அன்றைக்கும் துண்டு உள்ளேதான் இருந்தது. வேறு யார் யார் மனுப் போட்டிருந்தார்கள் என்று யாராவது பார்த்தார்களா, முன்னால் வேலை பார்த்த இடத்தில் விசாரித்தார்களா, அந்த நர்ஸ்கள் இவர் குரலைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று ஒரு போனாவது போட்டார்களா? ஆறு பேரும் துண்டைத்தான் பார்த்திருப்பார்கள். போய் எடுத்துவிடலாம். கதவைத் தட்டி, மன்னிக்கோணும், துண்டை விட்டுட்டேன் என்று. ஆனால் துண்டை எடுக்கப் போனால் முகம் கூடவே போகும். இந்த நேரத்தில் ராக்கியப்பன் இந்த முகத்தைப் பார்த்தால் பேசுகிற பேச்சு நடுவில் மாறிவிடும், அதற்குத்தான் வந்தான் என்றுதான் தோன்றும், தோன்றுவது என்ன, அதற்குத்தான் போவேனோ என்னவோ. போகாவிட்டால் துண்டு பேசும். போனால் முகம் பேசும். எழுந்தார். உட்கார்ந்தார். கட்டை இடுப்பில் இடித்தது.

கதவு திறந்தது. மாப்பிள்ளை முதலில் வந்தார், தன் பக்கத்தைச் சொல்ல அவரை உள்ளே வைத்திருந்தார்கள். முகம் வெளுத்துப்போயிருந்தது. பின்னாலேயே வாசல்வரை கிருஷ்ணவேணி. குட்டையான உருவம், கைத்தறிச் சேலை, கையில் அந்தத் துண்டு. நான்காக மடித்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, இதை உள்ள விட்டுட்டீங்க" என்றார்.

"மறந்துட்டனுங்க மேடம்."

"மறக்கறதுதானுங்க. இதுவும் உங்ககூட வெளியவே இருக்கட்டும்." கையில் கொடுத்தார். கிண்டல் இல்லை, குத்தல் இல்லை, ஒரு கம்பியிலிருந்து ஈரத்துணியை எடுத்துக் கொடுப்பது மாதிரிதான் இருந்தது. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

அவமானமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. மூட்டையை இறக்கிவைத்தவனுக்குத் தோளில் ஒரு குளுமை வருமே, அது. பார்த்துவிட்டார்களே, எனக்கே தெரியாமல் நான் அங்கே உட்கார்ந்திருந்ததை அந்தம்மா பார்த்து, எழுப்பி, வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டார்களே. இவ்வளவு மரியாதையாக யாரும் தன்னை எதிலிருந்தும் இறக்கியதில்லை. மாப்பிள்ளை பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். பேச வேண்டும். என்ன பேசுவது, சாப்டீங்களா மாப்ள என்றா?

"என்ன கேட்டாங்க மாப்ள?"

"கத்தியப் பத்திக் கேக்கவே இல்லீங்க மாமா. எஸ்தர் சொன்னப்ப எனக்குக் காதுல விழுந்துச்சான்னு கேட்டாங்க."

"விழுந்துச்சுங்களா?"

"விழுந்துச்சுங்க மாமா. அதைத்தான் அங்க சொல்லிட்டு வந்திருக்கேன். விழலைன்னு சொல்லியிருக்கலாம்." நவநீதன் வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்தது என்ன என்று மறுநாளே கிருஷ்ணவேணியும் பெரிய டாக்டருமாகப் போய் நாகரத்தினத்திடம் சொல்லிவிட்டார்கள், ஆனால் அதற்குப் பிறகு மாப்பிள்ளை அந்த வார்டுப் பக்கம் வரவில்லை, வேறு டாக்டர்தான் கட்டுப் பிரித்தார், இது சென்னியப்பனுக்குத் தெரியும். காருக்குப் போய்விடுவார் என்று நினைத்தார். மாப்பிள்ளை எழுந்தார், படிப்பக்கம் திரும்பினார், நின்றார், பிறகு திரும்பி வார்டுக்குள் போனார். ஒரு ஸ்டூலை இழுக்கும் சத்தம். அந்த இரண்டு பாதங்களும் சற்றே உள்ளே இழுத்துக்கொண்டன. பயந்திருப்பார் பாவம். அதற்குமேல் சென்னியப்பன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, துண்டைத்தான் பார்த்தார், மடிப்பு அவ்வளவு நேராக இருந்தது.

கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் ஒரு முகமும் தன்னைத் தவிர்க்கவில்லை, அதிலிருந்தே சேதி நல்லதல்ல என்று புரிந்துவிட்டது. கிருஷ்ணவேணி சுற்றி வளைக்கவில்லை. இன்றிலிருந்து ஒவ்வொரு ஆபரேஷனிலும் கத்தி எடுக்குமுன் எந்தக் கால், எந்தக் கை, யாருக்கு என்று நர்ஸ் உரக்கச் சொல்ல வேண்டும், மயக்க மருந்து கொடுப்பவரும் டாக்டரும் தொட்டுக் காட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். நர்ஸ் சரி என்கிறவரை கத்தி மேசையிலேயே இருக்கும். நாகரத்தினம் தறியில் உட்காருகிற வரைக்கும் அவர் வீட்டுச் செலவு ஆஸ்பத்திரியுடையது. டாக்டர் நவநீதன் நோயாளிகளைப் பார்க்கலாம், கத்தி எடுக்கக் கூடாது. வேறொரு ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் கூட நின்று கொஞ்ச காலம் பார்ப்பார். "அவரு சரின்னு சொன்னா மட்டும் பத்தாதுங்கண்ணா. நிறுத்துங்கன்னு சொன்னது எஸ்தர். இப்ப ஆரம்பிக்கலாம்னு அந்தப் புள்ளயும் தன் வாயால சொல்லோணும். பயமில்லாமச் சொல்ற மாதிரி ஆனப்புறம்."

லைன் கிளியர். கம்பத்தின் மேலே இருந்தவன் இறங்கி வருவதைச் சென்னியப்பன் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு நர்ஸ் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு மாப்பிள்ளை காத்திருக்க வேண்டும். சுகந்தி கொதிப்பாள். "மூணுக்கு மூணுங்களா?" என்று கேட்டார், கேட்டிருக்க வேண்டாம்.

"ஆறு பேருமே" என்றான் ராக்கியப்பன். கண்ணில் நீர் நின்றது. "நீ இங்க இருந்திருந்தா எனக்கு வாயே வந்திருக்காதப்பா. அந்தத் துண்டு இருந்த வரைக்கும்கூட வரல. அதை எடுத்துட்டுப் போனாங்க பாரு, அப்பறந்தான் பேசுனேன்." ஆடிட்டர் குனிந்து காகிதத்தை அடுக்கினார். சென்னியப்பனுக்கு நெஞ்சு வலித்தது, அதே சமயம் இந்த மேசையைச் சுற்றி இருக்கிற ஒவ்வொருவரையும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. நாளைக்குத் தனக்கே முட்டி போனால் இந்த ஆஸ்பத்திரியில்தான் படுப்பேன், வேறெங்கும் போக மாட்டேன் என்று தோன்றியது. நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டார். அடுத்ததாக ஜெனரேட்டர் பழுது பற்றிப் பேசினார்கள், அதில் அவரும் இரண்டு வார்த்தை பேசினார்.

மீட்டிங் முடிந்து வெளியே வரும்போது போன் அடித்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றே எடுத்தார்.

"எந்திரிச்சுட்டீங்களாப்பா?" சுகந்தி.

"எந்திரிச்சுட்டேன் சாமி. துண்டு மட்டும் உள்ளயே இருந்துச்சு. அதையும் கொண்டாந்து குடுத்துட்டாங்க."

திட்டுவாள், அழுவாள், இனிமேல் வீட்டுப் பக்கம் வராதீங்க என்பாள், எதற்கும் தயாராக நின்றார். பயமாகத்தான் இருந்தது.

"அவரு எங்கப்பா?"

வார்டு வாசலில் எட்டிப் பார்த்தார். "அந்தத் தறிக்காரம்மா கால்மாட்டுல உக்காந்திருக்காரு."

"என்னப்பா சொல்றாரு அவங்ககிட்ட?"

கட்டிலிலிருந்து மெலிந்த குரல் ஒன்று, தறி, பாவு, பேத்தி, இடது கால் என்று, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ஸ்டூலில் இருந்தவரின் தலை குனிந்திருந்தது, கைகள் மடியில்.

"ஒண்ணும் சொல்லல சாமி" என்றார் சென்னியப்பன். "அவங்கதான் பேசறாங்க. மாப்ள கேட்டுட்டு இருக்காரு."